புதுப்பிப்பு: சமையலறைக்கு எபாக்சி தரை போடலாமா என்று கேட்டிருந்தேனே

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஓட்டலின் சமையலறைக்கு எபாக்சி தரை (தரைமேல் பரப்பினால் இறுகிக் கெட்டியாகும் பிசின் பூச்சு) சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் போடு என்றீர்கள், மீதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றீர்கள். இரண்டுமே சரிதான்.

சிக்கல் சோறு வடிக்கும் இடத்தில். சாதாரண எபாக்சி 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். கொதிக்கும் கஞ்சி தினமும் சிந்தினால் உரிந்துதான் வரும். அதனால் அடுப்படிக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் 9 மில்லிமீட்டர் கனத்தில் பியூ கான்கிரீட் (சூடு தாங்கும், பாலியூரித்தேன் கலந்த கான்கிரீட்) போட்டோம். செலவு கூடுதல், அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். ஸ்டோர் ரூமுக்கும் காய் நறுக்கும் பக்கத்துக்கும் மட்டும் எபாக்சி.

அப்புறம் ஈரம். தரைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒருவர் சொன்னபடி பிளாஸ்டிக் தாளைப் பழைய தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். கடலோர ஊர், கேட்கவா வேண்டும்? ஈரம் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

வழுக்காமல் இருக்க குவார்ட்ஸ் மணல் தூவச் சொன்னேன். "கால்ல குத்துது தம்பி" என்று மாஸ்டர் முதல் நாள் சலித்துக்கொண்டார். எண்ணெய் கொட்டிய அன்று வாயே திறக்கவில்லை.

சுவரும் தரையும் சேரும் மூலையில் போடும் வளைவுப் பூச்சு மட்டும் பாக்கி. மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார்.