ஓடையில் விழுந்த மரத்தை அறுக்கலாமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். நாங்கள் ஏழு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் ஓடும் ஓடையில் குப்பை அள்ளுகிறோம். போன வாரம் குறுக்கே கிடந்த மரத்தை அறுக்கப் போனோம். கிளையை அசைத்ததும் விரல் நீள மீன்குஞ்சுகள் வேருக்குள் ஓடி ஒளிந்தன. மேற்கொண்டு அறுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1
விட்டுவிடுங்கள் தம்பி. என் அக்கா மகள் கலிபோர்னியா கன்சர்வேஷன் கோரில் இருந்தாள். 1976இல் தொடங்கிய, இயற்கையைப் பாதுகாக்கும் அரசுப் படை அது, 18 முதல் 25 வயதுப் பிள்ளைகள் சேருவார்கள். சால்மன் மீன் வாழும் ஓடைகளில் மரங்களை அவர்களே கொண்டுபோய்ப் போடுகிறார்கள்! அங்கேயும் ஒரு காலத்தில் மீனுக்குத் தடை என்று மரங்களை அகற்றினார்கள். மரத்தில் மோதும் தண்ணீர் அடியைக் குடைந்து பள்ளமாக்கும். பக்கத்தில் கூழாங்கல் தங்கும். சால்மன் அந்தக் கல்லைத் தோண்டித்தான் முட்டையிடும். சேறு மூடினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும்.

பதில் 2
சரிதான், ஆனால் பாலத்தடியில் சிக்கும் மரத்தை விடாதீர்கள். எங்கள் லயத்துக்குள் அப்படித்தான் முழங்கால் அளவு வெள்ளம் வந்தது. அப்புறம் கரையைப் பாருங்கள். வடிகால் இலாகா வழிகாட்டியில், அகலம் 5 மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர் கரையை ஒதுக்க வேண்டும். 5 முதல் 10 என்றால் 10 மீட்டர். மேனேஜரிடம் இதைப் பேசுங்கள்.

கேட்டவர்
நன்றி அக்கா, அண்ணே. நாளைக்கு அளவு நாடாவோடு இறங்குகிறோம். எங்கள் பக்கம் செம்பனை தண்ணீர் ஓரத்திலேயே நிற்கிறது.