கம்மலின் பின்பூட்டு காதுச் சதைக்குள்ளேயே போய்விட்டது, யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

லயத்து அம்மா:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டம். தீபாவளிக்கு முன்னால் மகளுக்குக் காதில் இரண்டாவது துளை. டவுன் கடையில் காது குத்தும் துப்பாக்கியால் அடித்தார்கள், இரண்டே நிமிடம். "சர்ஜிக்கல் ஸ்டீல், ஒன்றும் செய்யாது" என்றார் கடைக்காரர். ஆறாம் நாள் காலை தலை பின்ன முடியை ஒதுக்கினால், காதுக்குப் பின்னால் பூட்டைக் காணோம். கழன்று விழுந்திருக்கும் என்று தலையணையை உதறிப் பார்த்தேன், இல்லை. அப்புறம் மடலைத் தொட்டதும் வீங்கின தோலுக்கு அடியில் கெட்டியாக நெருடியது. உள்ளேயே இருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை, என் கைலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். தட்டில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உலோகம்தான் காரணமா?

பத்தர் வீட்டு மருமகள்:
துப்பாக்கிக்கு ஏன்மா போனீர்கள்? எங்கள் மாமனார் தங்கக் கம்பியைக் கூராக்கிக் குத்தி, வளையமாக முறுக்கிவிடுவார், வீங்கினாலும் இடமிருக்கும். என் மகன்கள் இருவருக்கும் அப்படித்தான், ஒரு சொட்டு சீழ் இல்லை. தங்கம் போடுங்கள், பயமே வேண்டாம்.

ஜீன்ஸ் அரிப்பு:
அக்கா கோபப்படக்கூடாது, தங்கம் என்றாலே பயமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். என் கல்யாண மூக்குத்தி வெள்ளைத் தங்கம். மூன்று வாரம் நீர் வடிந்து, மூக்குத்தி அளவுக்கே வட்டமாகத் தோல் சிவந்தது. "ஜீன்ஸ் பொத்தான் பட்டால் அரிக்குமா?" என்றுதான் தோல் டாக்டர் முதலில் கேட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அரிக்கும். நிக்கல் என்ற உலோகம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. 916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும்தான், அது சரி. ஆனால் வெள்ளைத் தங்கத்தில் நிறம் வெளுக்க நிக்கல் சேர்ப்பதுண்டு, அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கிற 316எல் ஸ்டீலிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் உண்டு, கொஞ்சமாகத்தான் கசியும் என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் துளையில் போடும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் கசியலாம் என்று சட்டமே இருக்கிறது. புதுத் துளைக்கு டைட்டானியம் கேளுங்கள், ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரம், எலும்பு முறிவுக்கு உடம்புக்குள் வைக்கிற அதே தரம். முலாம் பூசியது வேண்டாம், உரிந்துவிடும். பின்பக்கம் தட்டையான வட்டும், வீங்க இடம் விட்டு நீளத் தண்டும் இருக்கட்டும், ஆறினபின் குட்டையாக மாற்றிக்கொள்ளலாம்.

கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்):
அந்த அம்மாவுக்கு நடந்தது நிக்கலைவிட குட்டைத் தண்டால் ஆனது மாதிரிதான் தெரிகிறது, துப்பாக்கிக் கம்மலில் பூட்டு இறுகிவிடும். பிளாஸ்டிக் துப்பாக்கியை நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. போன மாதம் ஒரு தம்பி, காதின் மேல் குருத்தெலும்பில் அடித்துக்கொண்டு, சீழ் வைத்ததும் தானே கம்மலைப் பிடுங்கிவிட்டு வந்தான். துளை மூடி, சீழ் உள்ளே தங்கி, காது வடிவமே மாறிப்போனது. அவன் கண்ணாடி கேட்டபோது எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சீழ் பிடித்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

லயத்து அம்மா:
மிஸ்ஸி சொன்னதைப் படித்துவிட்டு அந்தக் கம்மலை எடுத்து என் மடலில் வைத்துப் பார்த்தேன். பூட்டு மாட்டினால் வீங்குவதற்கு நூல் அளவு இடம்கூட இல்லை. துளை மூடிவிட்டது, மகள் மறுபடி குத்தவேண்டும் என்கிறாள். இந்த எஃப்136 ஈப்போவில் கிடைக்குமா?