ஏற்காட்டில் 40 மீட்டரில் கீ அடித்தால் ரேடியோ ரீசெட் ஆகிறது

இடம் ஏற்காடு ஏரிக்கரைப் பூங்கா, ரேடியோ 5 வாட் ஹாம் (அமெச்சூர்) கிட் செட். மூன்று வாரமாக, 7.030 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர் பேண்டு) மோர்ஸ் கீயை அழுத்தியதும் டிஸ்பிளே அணைந்து எழுகிறது. 1 வாட்டுக்குக் குறைத்தால் ஓடுகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் முழு பவரிலும் தொல்லையே இல்லை.

ஆன்டெனா 20 மீட்டர் எண்ட்-ஃபெட் ஒயர் (ஒரு முனையில் மட்டும் இணைப்பு), அதன் மின்மறுப்பை ரேடியோவுக்குப் பொருத்த 49:1 டிரான்ஸ்பார்மர். ஒயரின் நடுப்பகுதி சில்வர் ஓக் கிளையில், 7 மீட்டர் உயரத்தில். கவுன்டர்பாய்ஸ் (ஆன்டெனாவுக்கு எதிர்முனையாக விடும் ஒயர்) 2 மீட்டர். கோஆக்ஸ் (ரேடியோவிலிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும் கேபிள்) 10 மீட்டர் ஆர்ஜி-174. பேட்டரி 4 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்.

டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) 5 வாட் ஐந்து நிமிடம் ஓட்டியாச்சு, ஒரு தடவைகூட அணையவில்லை. பேட்டரி 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் இல்லை. ஆக சப்ளை கோளாறு இல்லை. கோஆக்ஸ் மாற்றிப் பார்த்தேன், பிஎன்சி கனெக்டர் முனைகளைத் திரும்பப் பற்றவைத்தேன். பனியில் ஒயர் சொட்டச் சொட்ட நனைந்தும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.6 தாண்டவில்லை. ஆனால் ரேடியோவின் உலோக உடம்பில் கை வைத்தால் எஸ்டபிள்யூஆர் மாறுகிறது, ரீசெட்டும் நிற்கிறது! கோஆக்ஸின் வெளிப்பின்னலில் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்) வருகிறது என்றே படுகிறது (10 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் வேறு). டிரான்ஸ்பார்மர் அருகே அதைத் தடுக்க டைப் 43 டோராய்டில் (ஃபெரைட் வளையம்) கோஆக்ஸை 10 சுற்று சுற்றி சோக் போட்டதும் குறைந்தது, தீரவில்லை.

இதே சோக்கை ரேடியோ முனைக்கு மாற்றி, கோஆக்ஸையே கவுன்டர்பாய்ஸாக விட்டுவிடலாமா?