பயணப்படிப் பட்டியல் ஆட்சேபத்தோடு திரும்பிவிட்டது: தினப்படிக் கணக்கில் எங்கே தவறினேன்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊதிய நிலை 6. பணியில் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது, ஆனால் அலுவல் வேலையாக வெளியூர் போனது இதுவே முதல் தடவை. அதனால் பட்டியல் எழுதியதும் முதல் தடவை.

ஞாயிறு இரவு 8 மணிக்கு மதுரையில் ரயில் ஏறினேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சென்னையில் எங்கள் தலைமை அலுவலகத்தில் வேலை. புதன் இரவு கிளம்பி வியாழன் காலை 5.30-க்கு மதுரை வந்து சேர்ந்தேன். திங்கள் இரவு ஒரு விடுதியில் தங்கினேன், வாடகை 900 ரூபாய். செவ்வாய் இரவு தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கினேன். சென்னைக்குள் ஆட்டோ, மெட்ரோ எல்லாம் சேர்த்து திங்கள் 240, செவ்வாய் 310, புதன் 210 ரூபாய் ஆனது.

முன்பணம் வாங்கியிருந்ததால் ஊர் திரும்பிய ஒன்பதாம் நாளே பட்டியலைக் கொடுத்துவிட்டேன். தினப்படியாக, அதாவது வெளியூரில் சாப்பாடு, தங்கல், உள்ளூர்ப் பயணம் ஆகியவற்றுக்குத் தரும் தொகையாக, நான் போட்டது இது: சாப்பாட்டுக்கு ஐந்து தேதிக்கும் ஆயிரம் ரூபாய் வீதம் 5,000, விடுதிக்கு 900, உள்ளூர்ப் பயணத்துக்கு 760, அதோடு ரயில் கட்டணம். 41-ஆம் நாள் மூன்று ஆட்சேபங்களோடு அது திரும்பி வந்தது:

"தலைமையிடம் சென்னை எனக் காட்டப்பட்டுள்ளது. தலைமையிடத்தில் தங்கிய நாட்களுக்குத் தினப்படி இல்லை."

"விடுதி ரசீது இணைக்கப்படவில்லை."

"உணவுத் தொகைக் கணக்கு தவறு. அனுமதிக்கத்தக்க வீதம் ரூ.800 மட்டுமே."

இதற்கிடையே பக்கத்து மேசைக்காரர், "நிலை 8 வரைக்கும் பில்லே வேண்டாம், சித்தி வீட்டில் தங்கிய இரவுக்கும் விடுதி வாடகை போட்டுக்கொள்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பட்டியல் கொடுப்பதற்கான 60 நாள் கெடுவில் இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பில்_பிரிவு எழுதியது:

மேடம், தேதிக்கு ஒன்று என்று போட்டதுதான் தப்பு. கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். ஞாயிறு இரவு 8-லிருந்து புதன் இரவு 8 வரை மூன்று முழு நாள். மிச்சம் ஒன்பதரை மணி நேரம், அதற்கு 70 சதவீதம். ஆக 3,700 ரூபாய். இப்படித் திருத்திக் கொடுங்கள், தேறிவிடும்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

தங்கச்சி, மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். அதற்கு முன்னால், மேலே தம்பி சொன்ன 24 மணி நேரக் கணக்கு சரியில்லை. அதைப் போட்டால் நான்காவதாக ஓர் ஆட்சேபம் வரும்.

நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 13.7.2017-ல் போட்ட உத்தரவுதான் இன்றும் அடிப்படை. தலைமையிடத்தை விட்டு இருந்த நேரத்தை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, தேதி தேதியாக எண்ணச் சொல்கிறது அது. ஒரு தேதியில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 30 சதவீதம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 70, பன்னிரண்டைத் தாண்டினால் முழுத்தொகை. உங்கள் பயணத்தில் ஞாயிறு இரவு 8 முதல் 12 வரை நாலு மணி நேரம், ஆக 300. திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் முழு நாள், 3,000. வியாழன் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை ஐந்தரை மணி நேரம், இன்னொரு 300. மொத்தம் 3,600. ரயில் தாமதமாகி 6.10-க்கு இறங்கியிருந்தால் அந்தக் கடைசி 300, 700 ஆகியிருக்கும். அதனால்தான் கால அட்டவணையில் உள்ள நேரத்தை எழுதாமல், வந்து சேர்ந்த நேரத்தை எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அடுத்து வீதம். இதில் தவறு உங்கள் மேல் இல்லை, ஆட்சேபம் போட்டவர் மேல். நிலை 6 முதல் 8 வரை 2017 உத்தரவில் உணவுக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய், விடுதிக்கு 750, நகருக்குள் பயணத்துக்கு 225. அதே உத்தரவில், அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்போது இந்த உச்சவரம்புகள் 25 சதவீதம் கூடும் என்றும் இருக்கிறது. 1.1.2024 முதல் அகவிலைப்படி 50 சதவீதம் ஆகிவிட்டது. எனவே உணவு 1,000, விடுதி 937.50, நகருக்குள் பயணம் 281.25. ஆயிரம் என்று நீங்கள் போட்டது சரி. ஐந்தால் பெருக்கியதுதான் தவறு. மறுபடி கொடுக்கும்போது முகப்புக் கடிதத்தில் இந்த 25 சதவீத விஷயத்தை ஒரு வரி எழுதி, உத்தரவின் நகலையும் வைத்துவிடுங்கள். பழைய அட்டவணையைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டே கணக்குப் பார்க்கிற பிரிவுகள் இருக்கின்றன.

உள்ளூர்ப் பயண வரம்பும் நாள் வாரியானது. செவ்வாய்க்கிழமை 310-க்கு 281 வரைதான் வரும். திங்களும் புதனும் குறைவாகச் செலவானது என்பதற்காக அந்த மிச்சத்தைச் செவ்வாய்க்குத் தள்ள முடியாது.

தலைமையிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சாயங்காலம் வருகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா. முதல் ஆட்சேபம்தான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. எங்கள் துறையின் தலைமை அலுவலகம் சென்னையில்தானே இருக்கிறது? அதனால்தான் அந்தக் கட்டத்தில் சென்னை என்று எழுதினேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

உங்கள் பட்டியலைச் சாய்த்தது அந்த ஒரு சொல்தான்.

தலைமையிடம் வேறு, தலைமை அலுவலகம் வேறு. பயணப்படி விதிகளில் தலைமையிடம் என்பது அந்தந்த ஊழியருக்கு உரியது. விதி சொல்வது இதுதான்: தகுதியுள்ள அதிகாரி எந்த ஊரை உங்கள் தலைமையிடம் என்று அறிவித்தாரோ அந்த ஊர். அப்படி அறிவிப்பு இல்லையென்றால் உங்கள் அலுவலகப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றனவோ அந்த ஊர். உங்களுக்கு அது மதுரை. துறைத் தலைவர் சென்னையில் உட்கார்ந்திருக்கலாம், டெல்லியில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் பட்டியலுக்கு அதோடு சம்பந்தமில்லை.

சுற்றுப்பயணம் என்றாலே தலைமையிடத்தை விட்டு அலுவலாக வெளியே இருப்பது. நீங்கள் சென்னையைத் தலைமையிடம் என்று எழுதியதும், வாசிக்கிறவர் கண்ணுக்கு நீங்கள் மூன்று நாள் சொந்த ஊரில் வேலை பார்த்தவராகத் தெரிகிறீர்கள். பிறகு தினப்படி எப்படித் தருவார்கள்? அந்தக் கட்டத்தில் மதுரை என்று திருத்திச் சுருக்கொப்பம் இடுங்கள். மதுரையில் பணியாற்றுவதைக் காட்டும் பணி உத்தரவு நகல் ஒன்றும் வையுங்கள். முதல் ஆட்சேபம் அதோடு தீரும்.

இன்னொரு சொல்லும் புதியவர்களைத் தடுக்கிவிடுகிறது. அலுவலகப் பேச்சில் அகவிலைப்படியும் டி.ஏ., தினப்படியும் டி.ஏ. "டி.ஏ. ஐம்பது ஆனால் டி.ஏ. இருபத்தைந்து கூடும்" என்று ஒருவர் சொன்னால் யாருக்குப் புரியும்? தமிழில் இரண்டுக்கும் தனிச்சொல் இருக்கிறது. குறிப்பு எழுதும்போதாவது அகவிலைப்படி, தினப்படி என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் வராது.

நிலை_ஒன்பது எழுதியது:

விடுதி ரசீதைப் பற்றி நான் சொல்கிறேன். நிலை 8 வரை உள்ளவர்களுக்கு ரசீது இல்லாமல் சுயசான்றின் (நாமே எழுதிக் கையொப்பமிடும் சான்று) பேரில் வரம்புக்குள் தொகை தரலாம் என்பது உண்மை. நிலை 9 ஆனதும் எனக்கு அந்த வசதி போய்விட்டது. ஆனால் சுயசான்று என்றால் தொகையை மட்டும் எழுதுவது இல்லை. எந்த விடுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பயணத்துக்கும் அப்படித்தான்: எந்த நாள், எங்கிருந்து எங்கே, வாகன எண் என்ன. நீங்கள் என்ன எழுதினீர்கள் மேடம்?

வைகைக்கரை எழுதியது:

"விடுதி வாடகை ரூ.900" என்று ஒரே வரி. வாகன எண் எதுவும் எழுதவில்லை.

நிலை_ஒன்பது எழுதியது:

அப்படியானால் அவர்கள் ரசீது கேட்டதில் ஆச்சரியமில்லை. விவரம் இல்லாத சுயசான்றை வைத்து எந்தப் பிரிவும் பணம் தராது. விடுதியின் பெயர், இடம், உள்ளே வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுதிக் கையொப்பமிட்ட சான்று ஒன்று வையுங்கள். ரசீது கையில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள், தேவையில்லை என்றாலும் கெடுதலில்லை. செயலியில் பதிவு செய்த ஆட்டோ என்றால் பழைய பயணங்களின் பட்டியலில் வண்டி எண் இருக்கும்.

சித்தி வீட்டு இரவுக்கு விடுதி வாடகை கேட்காதீர்கள். ரசீது வேண்டாம் என்று அரசு சொன்னது நம் வார்த்தையை நம்பி. செலவே செய்யாத இரவுக்குச் செலவு செய்தேன் என்று கையொப்பமிட்டால் அது பொய்ச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். சான்றில் விடுதிப் பெயரும் எழுத வேண்டும் என்னும்போது, இல்லாத ஒரு விடுதியை எங்கே தேடுவீர்கள்? உங்கள் மனசு சொன்னதே சரி. அந்த இரவுக்கு வாடகை கிடையாது, உணவுத் தொகை வழக்கம்போல் உண்டு.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

நிலை_ஒன்பது சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மதுரையில் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கும், திரும்பி வந்தபோது வீட்டுக்கும் ஆட்டோவில் போயிருப்பீர்கள். அதைப் பட்டியலில் காணோமே? அது சென்னைக்குள் சுற்றிய தொகையில் சேராது. சுற்றுப்பயணத்தின் சாலைப் பகுதியாகத் தனியாக, கிலோமீட்டர் கணக்கில் வரும். தூரத்தை எழுதிச் சேருங்கள்.

கெடு விஷயத்தில் பதற வேண்டாம், ஆனால் தூங்கவும் வேண்டாம். முன்பு ஒரு வருடம் இருந்தது, 2018 மார்ச்சில் 60 நாளாகக் குறைத்தார்கள். பயணம் முடிந்த மறுநாளிலிருந்து எண்ணுவார்கள். நீங்கள் ஒன்பதாம் நாளே கொடுத்ததற்கு அலுவலகப் பதிவு எண் இருக்கும், அதைத் திருத்திய பட்டியலின் தலைப்பில் எழுதுங்கள். முன்பணம் வாங்கியவர் ஊர் திரும்பி 15 நாளுக்குள் சரிக்கட்டும் பட்டியல் தர வேண்டும். அதை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்பதற்கும் அந்த எண்தான் சாட்சி.

பில்_பிரிவு எழுதியது:

ஐயா, என் கணக்கு தப்பு என்று ஏற்கிறேன். உத்தரவை எடுத்துப் படித்தேன், நள்ளிரவு என்றுதான் இருக்கிறது. எங்கள் பிரிவில் இத்தனை நாள் 24 மணி நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். நாளைக்கே எங்கள் கண்காணிப்பாளரிடம் காட்டுகிறேன்.

நொய்யல்_4 எழுதியது:

இதே இழையில் ஒரு சின்னக் கேள்வி. நான் நிலை 4. கோவையில் அலுவலகத்திலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிளைக்கு வாரம் இரண்டு முறை அனுப்புகிறார்கள். தினப்படி உண்டா?

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

இல்லை தம்பி. பணியிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் போனால்தான் பயணப்படி, தினப்படி என்ற பேச்சே. உள்ளே என்றால் இந்த விதியில் வராது.

மாநில ஊழியர் எழுதியது:

படிக்கிற தமிழக அரசு ஊழியர்கள் கவனிக்க: மேலே உள்ள தொகைகளும் ஊதிய நிலைகளும் மத்திய அரசு ஊழியர்களுக்கானவை. நமக்குத் தமிழ்நாடு பயணப்படி விதிகள் தனி, தொகை தனி. தலைமையிடம், சுற்றுப்பயணம், தினப்படி என்ற சொற்கள் ஒன்றாக இருப்பதால் இந்த அட்டவணையை எடுத்து நம் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். போன மாதம் என் நண்பர் ஒருவர் அப்படிச் செய்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

நிலை_ஒன்பது எழுதியது:

அடுத்த முறை விமானத்தில் போக நேர்ந்தால் இதையும் நினைவில் வையுங்கள் மேடம். நிலை 6-க்குச் சாதாரண வகுப்பு விமானப் பயணத் தகுதி உண்டு. ஆனால் டிக்கெட்டை அரசு அனுமதித்த பயண முகவர்களான பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வேறு தளத்தில் நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் முழுத்தொகையும் நிற்கும். பயணத்துக்கு 21 நாள் முன்பாவது எடுக்கச் சொல்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 47-ஆம் நாள் திருத்திய பட்டியலைக் கொடுத்தேன், நேற்று தேறி வந்துவிட்டது. தலைமையிடம் மதுரை, பணி உத்தரவு நகலோடு. உணவு 3,600. ஆயிரம் ரூபாய் வீதத்தைப் பற்றி எழுதிய வரியைப் பார்த்துவிட்டுப் பிரிவு அதிகாரி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். விடுதி 900 முழுதும் கிடைத்தது. மதுரை ஆட்டோ இரண்டையும் தூரம் எழுதிச் சேர்த்தேன், அதுவும் வந்தது.

உள்ளூர்ப் பயணத்தில் செவ்வாய்க்கு 281, புதனுக்கு 210. திங்கள் 240-ல் 90 ரூபாய் தெருவில் கைகாட்டி ஏறிய ஆட்டோ. அதன் எண் எனக்கு நினைவில்லை. ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிடச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. 150 மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். முன்பணம் போக எனக்கு வர வேண்டிய மிச்சம் தனியாக வருமா, சம்பளத்தோடு வருமா?

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

பயணப்படிப் பட்டியல் தனிப் பட்டியல், தங்கச்சி. சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தேறியதும் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். பத்து நாளில் வரவில்லையென்றால் பட்டியல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு காசாளரைப் பாருங்கள்.