திருகோணமலை பிரிட்டிஷ்காரன்ட கைக்கு போனது 1795லயா 1796லயா?

நிலாவெளியான்:
வணக்கம் எல்லாருக்கும், தங்கச்சி ஏ.எல். வரலாறு படிக்கிறா. புத்தகத்தில கரையோரம் 1796ல பிரிட்டிஷ்ட கைக்கு போனது எண்டு கிடக்கு, ஆனா திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையைப் பற்றி எங்க வாசிச்சாலும் 1795 எண்டுதான் வருது. எது சரி? முதல் கொஞ்ச வருசம் ஆண்டது லண்டன் அரசா கிழக்கிந்தியக் கம்பெனியா எண்டும் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கொட்டியாரத்தான்:
ரெண்டும் சரி தம்பி. 1796 பெப்ரவரியில விழுந்தது கொழும்பு, எங்கட ஊர் அதுக்கு முதலே 1795 ஓகஸ்ட் கடைசியில போயிட்டுது. அப்ப கரையோரத்தை வைச்சிருந்த ஒல்லாந்து (நெதர்லாந்து) நாட்டுக்குள்ள பிரெஞ்சுப் படை வந்த உடன அங்கத்த இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், லண்டனுக்குப் பக்கத்து கியூவில இருந்து, பிரிட்டிஷ் படையை கோட்டைகளுக்குள்ள விடுங்கோ எண்டு கடிதம் எழுதினவர், இங்க இருந்த ஒல்லாந்த கொமாண்டர் கோட்டையைக் குடுக்கேல்ல, அதால கேணல் ஸ்டூவர்ட்ட ஆக்கள் பீரங்கி இறக்கி அடிச்சுத்தான் பிடிச்சவை. முதல்ல பெரிய கோட்டை, பிறகு ஒஸ்டன்பேர்க் எண்ட மற்றக் கோட்டை. பெரிய கோட்டைக்கு பிரெட்ரிக் எண்ட பேர் 1803லதான் வந்தது.

எல்லாம் துறைமுகத்துக்காகத்தான். சென்னையில அப்ப துறைமுகமே இல்ல, வெறும் திறந்த கடல், ஐப்பசி கார்த்திகையில காத்து எழும்பினா போர்க்கப்பல் நிக்க ஏலாது, பம்பாய்க்கு ஓடோணும். 1782 ஜனவரியில இங்கிலிஷ்காரன் இங்க பிடிச்சதை அதே வருசம் ஓகஸ்ட் கடைசியில பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் பறிச்சுப் போட்டார், அந்தப் பயம் அவையளுக்கு விடவே இல்ல.

தம்பலகாமம் டீச்சர்:
தம்பி, 1796 - 98 முழுக்க சென்னையில இருந்த கம்பெனி ஆட்சிதான். தங்கச்சியிட்ட ரொபர்ட் அன்ட்ரூஸ் எண்ட பேரை கட்டாயம் சொல்லுங்கோ, 1795ல திருகோணமலையில இருந்து கண்டி ராசாவிட்ட தூது போனவர், பிறகு வரி, நிர்வாகம் எல்லாம் அவர்ட கையில. பழைய முதலியார்மாரை (உள்ளூர் தலைமை அதிகாரிகளை) ஒதுக்கிப்போட்டு சென்னைப் பக்கத்து அமில்தார்மாரை (வரி அதிகாரிகளை), துபாஷிமாரை (மொழிபெயர்ப்பாளர்களை) கொண்டுவந்து வைச்சார். இந்த ஊர் வழக்கமும் தெரியாது, சனத்தையும் தெரியாது, வரி சேர்க்கிற உரிமையை குத்தகைக்கு எடுத்தவன் போட்ட காசை ரெண்டு மடங்கா எடுக்கத்தானே பார்ப்பான்? அதுக்கு மேல தென்னை மரத்துக்கும் வரி. 1797ல கலகம் வெடிச்சது, கொழும்புப் பக்கம்தான் கூட. தெ மியூரன் எண்ட படை அதிகாரியின்ட தலைமையில விசாரணைக் குழு போட்டு, கடைசியில முதலியார்மாரை திரும்ப எடுத்தவை.

1798 ஒக்டோபரில கவர்னர் நோர்த் வந்தார், அப்பவும் கம்பெனிக்கு பங்கு இருந்தது, 1802 ஜனவரி 1லதான் முழுசா முடிக்குரிய குடியேற்றம், அதாவது பிரிட்டிஷ் அரசின்ட நேரடி ஆட்சி. அந்த ரெண்டு வருசத்தில சாதாரண சனம் பட்ட பாட்டை புத்தகம் ரெண்டு வரியில முடிக்கிறது எனக்கு உண்மையா மனவருத்தம்.

நிலாவெளியான்:
நன்றி அண்ண, நன்றி டீச்சர். அப்ப வன்னிப் பக்கமும் அப்பவே அவையளுக்கு அடங்கிட்டுதா?

கொட்டியாரத்தான்:
இல்ல தம்பி, 1803ல வன்னித் தலைவர் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சவர், அவருக்கு எதிரா போன படையில ஒரு பிரிவு திருகோணமலையில இருந்துதான் போனது.