புதுப்பிப்பு: பாட்டியோட ஊசி புக்கு ஃபெல்ட்ல ரெடி

பாட்டியோட தையல் பெட்டியில கிடைச்ச பழைய ஊசி புக்கு (ஊசியெல்லாம் குத்தி வெக்கிற குட்டி துணி புக்கு) போட்டோ போட்டு, இதே மாதிரி செய்ய எந்த ஃபெல்ட் (இழைகளை அழுத்தி செய்ற கெட்டித் துணி) வாங்கலாம்னு கேட்டிருந்தேன்ல, முடிச்சாச்சு! சென்னை பாரிஸ் கார்னர் போங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, போனேன், நான் ஏறி இறங்கின கடையில எல்லாம் அக்ரிலிக் ஃபெல்ட்தான், கலர் அள்ளுது ஆனா நாலு தடவை தேய்ச்சா பிசிறு உருண்டு வந்துடுது, அதனால மேல் அட்டைக்கு மட்டும் அது, உள்ள ஊசி குத்துற பக்கங்களுக்கு கம்பளி ஃபெல்ட் ஆன்லைன்ல வாங்கினேன். விலை கூடத்தான். ஆனா ஊசி உள்ள போறதே தனி சுகம், நழுவவே இல்ல.

ஃபெல்ட் நெசவு துணி இல்லையே, நூல் பிரியாது, ஓரம் மடிச்சு தைக்க வேண்டாம். இருந்தாலும் பாட்டி ஜிக்ஜாக் கத்திரில வெட்டியிருந்தாங்கன்னு நானும் அப்படியே வெட்டினேன், சும்மா அழகுக்கு. சுத்தி பிளாங்கெட் ஸ்டிச் (ஓரத்தை சுத்தி போடுற தையல்), அட்டையில ஒரு செம்பருத்தி, ஆறு இழை எம்பிராய்டரி நூலை பிரிச்சு ரெண்டு இழை மட்டும் எடுத்து லேசி டெய்சில (இதழ் மாதிரி வளையம் வளையமா வர்ற தையல்) போட்டேன். மூடுறதுக்கு பழசுல ரிப்பன் இருந்துச்சு, நான் டிச் பட்டன் வெச்சுட்டேன், ரிப்பன் கட்டி அவிழ்க்கிற பொறுமை எனக்கில்ல.

அயர்ன் பண்றவங்க கவனம், அக்ரிலிக்ல நேரா சூடு வெச்சா உருகிடும், மேல ஒரு காட்டன் துணி போட்டு லேசா ஓட்டுங்க.

சென்னை காத்துக்கு ஊசி துரு பிடிக்குமேன்னு ஒரு அக்கா கேட்டிருந்தீங்க. மெஷின் ஆயில் துளி தொட்டு துடைச்சு வெச்சிருக்கேன்க்கா, டப்பாவுல ஷூ பாக்ஸ்ல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போட்டிருக்கேன், மழைக்காலம் வரட்டும் பாப்போம்.