பத்து வருசம் முடிக்காதவனா பென்ஷன் நிதியைக் கெடுத்தான்?

விக்கிரமசிங்கபுரத்தான்:
"பத்து வருசம் முடிக்காம பணத்தை உருவிட்டுப் போறவங்களாலதான் பி.எஃப். பென்ஷன் நிதி பள்ளத்துல கெடக்கு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு. வாசிச்சதும் வயிறு எரிஞ்சுபோச்சு. நான் மில்லுல ரிங் ஃபிரேம், அதான் நூல் நூற்குத மெஷின், ஓட்டினவன். 9 வருசம் 5 மாசம். பஞ்சு நெஞ்சுல ஏறி இருமல் விடல, வேலையை விட்டு நின்னுட்டேன். 15,000 சம்பளத்துக்கு முதலாளி பங்குல 8.33 சதவீதம், மாசம் 1,250 அந்த நிதிக்குப் போச்சு. 9 வருசத்துக்குக் கூட்டிப் பாரும்: 1,35,000. திரும்பி வந்தது ஒன்பது மாசச் சம்பளமும் சொச்சமும். போட்டதுதான் வந்துது. அத்தனை வருச வட்டியும் நிதிக்குள்ளதான் கெடக்கு. நான் எதை உருவினேன்?

பாளை கணக்கர்:
அந்த ஒருத்தர் நான்தான். மாசப் பென்ஷன் வாங்கணும்னா விதி 10 வருச வேலை. 10ன்னா 10. 2019 மார்ச் 31 மதிப்பீட்டுல நிதிக்குப் பற்றாக்குறைன்னு அரசாங்கமே சொல்லியாச்சு. எடுத்துட்டுப் போன பணம் நிதியில இருந்தா வளர்ந்திருக்கும்லா?

விக்கிரமசிங்கபுரத்தான்:
10 இல்ல வே, ஒன்பதரை! ஆறு மாசமும் அதுக்கு மேலயும் இருந்தா ஒரு வருசமா எடுத்துக்கிடணும்னு 1995 பி.எஃப். பென்ஷன் திட்டத்துலயே இருக்கு. ஒரே ஒரு மாசத்துல எனக்குப் போச்சு. அந்த வயித்தெரிச்சல் உமக்கு எங்க தெரியும்?

மேலப்பாளையம் தம்பி:
அண்ணாச்சி சொல்லுததுல நியாயம் இருக்கு. பத்து முடிச்சவருக்கு 58 வயசுல 15,000ஐ பத்தால பெருக்கி 70ஆல வகுத்தா மாசம் 2,143. ஆயுசுக்கும் கொடுக்கணும், பிறகு சம்சாரத்துக்கும். பாதியில போனவரால அந்தப் பாரமே நிதிக்குக் கெடையாது.

பாளை கணக்கர்:
தம்பி, ஒரு மாசம் பணம் கட்டிட்டு வேலையில இருக்கையில செத்தாலும் பொண்டாட்டிக்குப் பென்ஷன் உண்டு. அது எங்கருந்து வருது? அந்த வட்டியிலருந்துதான். பத்து முடிக்காதவங்க இதையெல்லாம் பேசமாட்டாங்க.

விக்கிரமசிங்கபுரத்தான்:
"பத்து முடிக்காதவங்க"வா? ஒன்பதரைக்குப் பதில் எங்க? வட்டி செத்தவங்க பொண்டாட்டிக்குப் போவுதுன்னு நீரே ஒத்துக்கிட்டீரு, பிறகு நிதியைக் கெடுத்தது நான் எப்படி?

பாளை கணக்கர்:
ஒண்ணும் ஒத்துக்கிடல. ஒரு மாசம் பொறுத்திருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்லா?

விக்கிரமசிங்கபுரத்தான்:
பொறுக்கணுமா? என் வருகை அட்டை இன்னும் தகரப்பெட்டியில கெடக்கு. கடைசி மாசம் 11 கட்டம்தான் நிரம்பியிருக்கு. பன்னெண்டாம் நாள் மெஷின் பக்கத்துலயே மூச்சுத் திணறி உக்காந்துட்டேன். ஃபேனுக்கு அடியில இருக்குத உமக்குப் பொறுக்கலாம்.

மேலப்பாளையம் தம்பி:
கிராஜுவிட்டியாவது ஒழுங்கா வந்துச்சா அண்ணாச்சி?

விக்கிரமசிங்கபுரத்தான்:
வந்துச்சு தம்பி, அடிப்படைச் சம்பளத்தைக் குறைச்சு எழுதி 15/26 கணக்குல, அதான் மாசத்துக்கு 26 நாள்னு வச்சு வருசத்துக்கு 15 நாள் சம்பளம், கொடுத்தாங்க. யூனியன்காரன் எட்டிக்கூடப் பாக்கல.

பாளை கணக்கர்:
யூனியனை இழுக்காதீரும். எங்கப்பா 20 வருசம் சந்தா கட்டினவரு.

விக்கிரமசிங்கபுரத்தான்:
உங்கப்பாவை யாரு கேட்டா? பத்துங்கதை ஒன்பதரைன்னு திருத்தி எழுதும் முதல்ல.

பாளை கணக்கர்:
10ன்னா 10.